கால் வைத்தால் தரை தொடும் பெடல்: வாசகர் கேள்வி பதில்

பிரேக் பெடல் கீழே போகிறது என்று சில மாதங்களாகச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. எல்லாரும் ஒரே நோயைச் சொல்வதுபோல் தோன்றினாலும், பிரித்துப் படித்தால் ஆறேழு வெவ்வேறு கோளாறுகள். ஆகவே இந்த இதழில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். பெடல் கீழே போகிறது என்பதோடு எப்படிப் போகிறது என்பதையும் கவனித்து எழுதிய வாசகர்களுக்கு நன்றி. அந்த ‘எப்படி’தான் பாதி வைத்தியம்.

கேள்வி (ஈசூன்): ஒன்பது வயது ஜப்பானிய செடான், ஆட்டோ கியர். சிவப்பு விளக்கில் பிரேக்கை லேசாக மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கி, அரை நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடுகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பழைய உயரத்துக்கு வருகிறது. ஓடும்போது பலமாக மிதித்தால் வண்டி நன்றாகவே நிற்கிறது. டப்பாவில் பிரேக் ஆயில் துளியும் குறையவில்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் தகடு) மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இன்னோர் இடத்தில் ஏர் இருக்கிறது என்று ப்ளீட் செய்து காற்றை வெளியே எடுத்தார்கள். இரண்டு நாள் தேவலை, பிறகு பழைய கதை. இப்போது ஏபிஎஸ் யூனிட் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி) போயிருக்கலாம் என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. யார் சொல்வதை நம்புவது?

பதில்: முடிவு தெரியும்வரை காரை எடுக்காதீர்கள். இன்று அரை நிமிடத்தில் இறங்கும் பெடல் இன்னொரு நாள் மூன்றே விநாடியில் இறங்கலாம். அது சொல்லிவிட்டு வராது.

உங்கள் கடிதத்திலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது. பெடல் மெதுவாக இறங்குகிறது, லேசாக மிதிக்கும்போது இறங்குகிறது, ஆயில் குறையவில்லை. மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம், கால் மிதியை வாங்கித் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான்.

பேட் தேய்ந்தால் பெடல் இப்படி இறங்காது. பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் தானே முன்னால் வந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். டப்பாவில் அளவு கொஞ்சம் தாழும், அவ்வளவே. குழாயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், ஆனால் அமுங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். காற்று நசுங்குமே தவிர எங்கும் ஓடிப்போகாது. காலின் அழுத்தம் மாறாமல் இருக்க, பெடல் மட்டும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால், திரவம் எங்கோ நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெளியே ஒழுகினால் டப்பாவில் குறைந்திருக்கும். உங்களுக்குக் குறையவில்லை. அப்படியானால் உள்ளுக்குள்ளேயே ஒரு சந்து கிடைத்து, வந்த வழியே திரும்புகிறது.

அந்தச் சந்து பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பில் இருக்கும். இக்காலக் கார்களில் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு சக்கரங்களைப் பார்த்துக்கொள்ளும். பிஸ்டனின் முன்னால் இருக்கும் கப்பின் உதடு சிலிண்டர் சுவரோடு ஒட்டி, திரவத்தை முன்னால் தள்ள வேண்டும். உதடு தேய்ந்தாலோ கீறல் விழுந்தாலோ திரவம் அதைத் தாண்டிப் பின்பக்கம் போய், அங்கிருந்து டப்பாவுக்கே ஏறிவிடும். அளவு குறையாததன் ரகசியம் இதுதான்.

பலமாக மிதித்தால் ஏன் நிற்கிறது? கப்பின் உதடு உள்ளே வரும் அழுத்தத்தாலேயே விரிந்து சுவரில் அழுந்தும்படி அமைந்தது. அழுத்தம் கூடினால் தேய்ந்த உதடும் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு விளக்கில் கால் சும்மா ஓய்வெடுப்பதுபோல் இருக்கும்போது அழுத்தம் போதாது, உதடு விலகிக் கசியும். ஆகவே இந்தக் கோளாறைத் தேடுகிறவர்கள் பெடலை ஓங்கி மிதித்துப் பார்த்து “நன்றாகத்தானே இருக்கிறது” என்று சொன்னால், சோதித்த விதமே தப்பு.

வீட்டிலேயே கால் மணி நேரத்தில் உறுதி செய்துகொள்ளலாம். வண்டி சமதரையில், கியர் ‘பி’யில் இருக்கட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து விடுங்கள். காலுக்குத் துணையாகத் தள்ளும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகும். இப்போது சிவப்பு விளக்கில் வைப்பதுபோல லேசாகக் கால் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். நல்ல சிலிண்டரில் பெடல் அசையாது. பிறகு ஓங்கி மிதித்து இன்னொரு நிமிடம். லேசான மிதியில் இறங்கி, ஓங்கிய மிதியில் நின்றால், முன்சொன்ன கப்தான். இரண்டிலும் இறங்கினால் கப் மேலும் மோசம், அல்லது வெளிக்கசிவு. அப்போது டப்பாவின் அளவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இதற்குமேல் வொர்க்‌ஷாப்பின் பங்கு. ஏபிஎஸ் யூனிட்டைக் குற்றம் சொல்வதற்குமுன் ஒரே ஒரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் பிரேக் குழாய்களைக் கழற்றி, அந்தத் துளைகளைத் திருகு பிளக்குகளால் அடைத்து, சிலிண்டரில் காற்று இல்லாதபடி செய்துவிட்டுப் பெடலை மிதிக்க வேண்டும். அந்தப் பிளக்குகளின் அளவு ஜப்பானியக் கார்கள் பலவற்றில் எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்), ஒரு மில்லிமீட்டர் மரைதான். கழற்றுவதற்கு 10 மில்லிமீட்டர் ஃபிளேர் நட் ஸ்பேனர் வேண்டும், சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை உருட்டிவிடும். துளைகளை அடைத்த பிறகும் பெடல் இறங்கினால் திரவம் போவதற்கு வேறு இடமே இல்லை, சிலிண்டர்தான். கல்லாக நின்றால் சிலிண்டர் நிரபராதி, கோளாறு அதற்குக் கீழே.

ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாமல் கசிவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கசிந்த திரவம் போய்ச் சேரும் உள் அறை சின்னது. அது நிரம்பியதும் பெடல் நின்றுவிடும். நடைமுறையில் கப் தேய்வுதான் அடிக்கடி வருவது, அதற்கான விலையும் குறைவு. விலை கூடியதைக் கடைசியில் சந்தேகிப்பதே முறை.

ப்ளீட் செய்தபின் இரண்டு நாள் தேவலையாக இருந்தது என்கிறீர்கள். பழைய சிலிண்டரை ப்ளீட் செய்யும்போது ஒரு ஆபத்து உண்டு. அன்றாடம் பிஸ்டன் சிலிண்டரின் பாதித் தூரம்தான் ஓடுகிறது. ஓடாத மீதித் தூரத்தில், ஆயிலில் கலந்த ஈரத்தால் அரிப்பும் அழுக்கும் படியும். ப்ளீட் செய்பவர் பெடலைத் தரைவரை திரும்பத் திரும்ப மிதித்தால், கப் அந்த முரட்டுப் பகுதியில் உரசிக் கிழியும். இருந்த கொஞ்ச நஞ்ச உதடும் அதில்தான் போகிறது. இதைத் தவிர்க்க, பெடலுக்கு அடியில் நாலைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டை ஒன்றை வைத்துவிட்டு மிதித்தால் போதும். செலவே இல்லாத இந்தக் காரியத்தை ஏனோ பலர் செய்வதில்லை.

மாற்றுவதென்றால் கப் மட்டும் மாற்றும் கிட் வேண்டாம், முழு சிலிண்டரையே மாற்றுங்கள். இப்போதைய சிலிண்டர்கள் அலுமினியம். உட்சுவரில் கடினமான மேற்பூச்சு ஒன்று உண்டு. அரிப்பைத் தேய்த்து எடுக்கப் போனால் பூச்சும் போய்விடும், புதுக் கப்பும் சில மாதங்களில் தேயும். புது சிலிண்டரை வண்டியில் பூட்டுமுன் வைஸில் (மேசைப் பிடிகருவியில்) பிடித்து, துளைகளிலிருந்து டப்பாவுக்கே திரும்பும்படி சிறு குழாய்களை மாட்டி, குமிழ் வருவது நிற்கும்வரை பிஸ்டனை மெல்லத் தள்ளி விட வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டினால் சிலிண்டருக்குள் தங்கிய காற்றை வெளியேற்ற நாலு சக்கரத்திலும் மாங்கு மாங்கென்று ப்ளீட் செய்ய வேண்டியிருக்கும். பூஸ்டரின் தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து பார்ப்பதும் அவசியம். கம்பி நீண்டிருந்தால் டப்பாவுக்குத் திரும்பும் சிறுதுளை மூடியே இருக்கும், ஓட ஓடப் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): எனக்கும் சிவப்பு விளக்கில் அதே தொல்லை. ஆனால் போன மாதம்தான் பரிசோதனை நிலையத்தில் வண்டி தேறியது. பிரேக் சரியில்லை என்றால் அங்கே பிடிபட்டிருக்காதா?

பதில்: பிடிபடாமல் போக வாய்ப்புண்டு. அங்கே சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றி, பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது, இடமும் வலமும் சமமாகப் பிடிக்கின்றனவா என்று அளக்கிறார்கள். சில விநாடிகள், அதுவும் ஓங்கிய மிதி. தேய்ந்த கப் நன்றாக நடந்துகொள்ளும் தருணம் அதுதான். மூன்று வயதுக்குமேல் பத்து வயதுவரை ஈராண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் பரிசோதனையில் தேறிய தாளை வைத்துக்கொண்டு ஓராண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஒரு நிமிட மிதிச் சோதனையை மாதம் ஒருமுறை நீங்களே செய்யலாம்.

கேள்வி (தெம்பனிஸ்): பிரேக்கில் கால் வைத்தபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பெடல் இரண்டு விரற்கடை கீழே போகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

பதில்: கவலை வேண்டாம், பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. இன்ஜின் ஓடியதும் வெற்றிடம் உண்டாகி, உங்கள் காலோடு சேர்ந்து பூஸ்டரும் தள்ளுகிறது. கொஞ்சம் தாழ்ந்து அங்கேயே நின்றால் நலம். தாழவே இல்லை, பெடல் கல்லாகவே இருக்கிறது என்றால்தான் பூஸ்டரையும் அதன் வெற்றிடக் குழாயையும் பார்க்க வேண்டும். பூஸ்டர் கெட்டால் பெடல் கனக்கும், தரைக்குப் போகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பூஸ்டரை மாற்றியவர்கள் உண்டு.

கேள்வி (பொங்கோல்): உறவினர் ஒருவருடைய இடத்தில் நானே முன்பக்க பேட்களை மாற்றினேன். காலிப்பர்களையும் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். பிறகு பெடல் தரைவரை போகிறது. பலமுறை ப்ளீட் செய்தும், ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்தும் பலனில்லை.

பதில்: பேட் மாற்றியபின் முதல் நாலைந்து மிதி தரைக்குப் போவது இயல்பு. பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறீர்கள், அது திரும்ப வந்து பேட்டைத் தொட வேண்டும். வண்டியை நகர்த்துமுன் பெடலை மிதித்து மேலே கொண்டுவர வேண்டும் என்பதை மறந்து, பின்னால் எடுத்துச் சுவரில் இடித்தவர்கள் ஏராளம்.

உங்கள் விஷயம் அதைத் தாண்டிவிட்டது. இரண்டு காலிப்பர்களையும் கழற்றினேன் என்கிறீர்களே, இடது வலது மாறிப்போயிருக்கிறதா பாருங்கள். பல கார்களில் மாற்றிப் பூட்டினாலும் போல்ட் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடும், பார்க்கவும் சரியாகவே இருக்கும். ஆனால் காற்றை வெளியேற்றும் ப்ளீட் நிப்பிள் கீழ்ப்பக்கம் போயிருக்கும். காற்று மேலே தங்கும், திரவம் கீழே ஒழுகும். பத்து லிட்டர் ஊற்றினாலும் காற்று வராது. நிப்பிள் எப்போதும் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். சரியாகவே இருந்தால், நிப்பிளின் மரை வழியாகக் காற்று உள்ளே வருகிறதா என்பதையும், காலிப்பரில் ஹோஸ் சேரும் இடத்துச் செம்பு வாஷர் பழையதா என்பதையும் பாருங்கள். அந்த வாஷரைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும், இருபுறமும் ஒவ்வொன்று.

பின்சக்கர பேட் மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று. கைப்பிரேக் கேபிள் காலிப்பரிலேயே சேர்ந்திருந்தால் அதன் பிஸ்டனை அழுத்தக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின் கைப்பிரேக் என்றால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்ற வேண்டும். அழுத்தித் தள்ளினால் உள்ளே இருக்கும் பொறி உடையும்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): எங்கள் கடையின் சிறிய வேன். முதல் மிதியில் பெடல் ரொம்பக் கீழே போகிறது. உடனே இரண்டாம் முறை மிதித்தால் மேலே வந்து நன்றாகப் பிடிக்கிறது. பிடித்தபின் இறங்குவதில்லை. ஆயில் அளவும் சரியாக இருக்கிறது.

பதில்: பின்சக்கரங்களில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் இருக்கும், அதன் உட்சுவரை அழுத்தும் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. அதைக் கடக்கவே முதல் மிதியின் திரவம் செலவாகிறது. சோதிப்பது எளிது: நின்ற இடத்தில் கைப்பிரேக்கை நாலைந்து பல் இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். முதல் மிதியே உயரமாக வந்தால் சந்தேகமில்லை, பின் ஷூதான். கைப்பிரேக் ஷூவை டிரம்முக்கு அருகில் கொண்டுபோய்விட்டது, அதனால்தான் மாற்றம்.

டிரம்மைக் கழற்றி, உள்ளே இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி, டிரம்மை மாட்டிச் சுற்றும்போது ஷூ லேசாக உரசும்வரை கொண்டுவந்து, பிறகு உரசல் நிற்கும் அளவுக்கு மட்டும் ஓரிரு பல் பின்வாங்க வேண்டும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்பு இருந்தும் இப்படி ஆகிறதென்றால் அது துருவிலும் தூசியிலும் இறுகியிருக்கிறது. சில வண்டிகளில் கைப்பிரேக்கை இழுத்தால்தான் அது இயங்கும். ஆட்டோ கியரில் ‘பி’ போதும் என்று கைப்பிரேக்கைத் தொடவே தொடாதவர்களுடைய வண்டியில் இந்தத் தொல்லை அதிகம். கழற்றும்போதே, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுங்கள். ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் அது கழுவிப் போகாது, புது ஷூதான்.

கேள்வி (செங்காங்): பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போனோம். இறங்கி வரும்போது பாதி வழியில் பெடல் திடீரென்று தரையைத் தொட்டது. கைப்பிரேக்கால் ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் பெடல் சரியாக இருந்தது. சிங்கப்பூர் திரும்பி வொர்க்‌ஷாப்பில் காட்டினேன், ஒரு கோளாறும் இல்லை என்றார்கள்.

பதில்: கோளாறு பாகங்களில் இல்லை, ஆயிலில். கெந்திங் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அந்த இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்கும், அங்கிருந்து திரவத்துக்கும் ஏறும். திரவத்தில் கலந்த தண்ணீர் அதன் கொதிநிலையைக் குறைத்திருந்தால் காலிப்பருக்குள்ளேயே கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் நசுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். அதனால்தான் இங்கு வந்து பார்த்தவர்களுக்கு எதுவும் தென்படவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் குணமுள்ளது. நம் ஊர்ப் புழுக்கத்தைச் சொல்லவும் வேண்டுமா? டாட் என்பது ஆயிலின் தரவகை. புத்தம் புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்தபின் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு 230, பிறகு 155. டாட் 5.1-க்கு 260, பிறகு 180. வண்டியின் மூடியில் டாட் 3 என்று இருந்தாலும் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். டாட் 5 மட்டும் வேறு சாதி, சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. 5-ஐயும் 5.1-ஐயும் பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஈராண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள், வண்டி குறைவாக ஓடினாலும் சரி. ஈரத்துக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது. மலைப் பயணத்துக்குமுன் ஆயிலில் எவ்வளவு தண்ணீர் என்று ஈரமானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3 விழுக்காட்டைத் தொட்டிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்: ஆட்டோவில் ‘எல்’, ‘2’ அல்லது ‘எஸ்’, ஹைபிரிட்டில் ‘பி’ என்ற பிரேக் நிலை (நிறுத்தும் ‘பி’ அல்ல, கியர் கம்பத்தில் தனியாக இருக்கும்). பிரேக்கைத் தொடர்ந்து தடவாமல், ஒருமுறை பலமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், டிஸ்க் மூச்சு விடட்டும்.

பெடல் கல்லாக உயரத்திலேயே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, தீய்ந்த வாடை வருகிறது என்றால் அது வேறு. அங்கே சூடாகிக் கைவிட்டது பேட், ஆயில் அல்ல.

கேள்வி (பிடோக்): டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. டப்பாவில் அளவு ‘மின்’ (குறைந்தபட்ச அளவு) கோட்டுக்குக் கீழே இருந்தது. கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றி நிரப்பினேன், விளக்கு அணைந்தது. இப்போது பெடல் நாளுக்கு நாள் கீழே போகிறது. வண்டிக்கு அடியில் தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டுகிறது.

பதில்: ‘கைக்குக் கிடைத்த ஆயில்’ என்ற சொற்கள்தான் எங்களைக் கலங்க வைக்கின்றன. நம் பேச்சில் பிரேக் ஆயில் என்று சொல்லிச் சொல்லியே ஒரு ஆபத்தைப் பழக்கிவிட்டோம். அது எண்ணெயே அல்ல. இன்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஒரு கரண்டி கலந்தாலும் பிரேக் அமைப்பிலுள்ள ரப்பர் எல்லாம் ஊதிப் போகும். டப்பா மூடியைத் திறந்து, அடியில் இருக்கும் ரப்பர் விரிப்பைப் பாருங்கள். அது உப்பி அலை அலையாகி, திரும்ப மூடிக்குள் பொருந்தாமல் இருந்தால் தவறான எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள். வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள். கழுவி ஊற்றினால் தீராது. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல், ஹோஸ், வீல் சிலிண்டர் என்று ரப்பர் உள்ள அத்தனையும் மாற வேண்டும். ஏபிஎஸ் யூனிட்டும் தப்பாது.

சரியான திரவத்தைத்தான் ஊற்றினீர்கள் என்றால், அளவு ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி. பேட் தேய்ந்தால் மாதக்கணக்கில் மெல்லக் குறையும். அதை மேலே ஊற்றி நிரப்பிவிட்டுப் பிறகு புது பேட் போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும். நாள்கணக்கில் குறைந்தால் ஒழுக்குதான்.

சொட்டும் நீரைப் பற்றி: குளிர்சாதனத்தின் தண்ணீர் பயணி இருக்கைக்கு அடியில், இன்ஜினுக்குப் பின்பக்கமாக, தெளிவாகச் சொட்டும். நம் நாட்டில் நாள் முழுக்கச் சொட்டும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். விரலால் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுவென்று வழுக்கினால் பிரேக் ஆயில். கையை உடனே கழுவுங்கள். நாலு டயர்களின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வீல் சிலிண்டரோ காலிப்பரோ ஒழுகினால் அங்கே ஈரக்கோடு தெரியும். பிறகு மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம். அதற்குக் கீழே பூஸ்டரின் கறுப்புப் பெயின்ட் குமிழ்விட்டு உரிந்திருந்தால் பின் சீல் கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் பூஸ்டருக்குள்ளேயே ஒழுகித் தேங்குவதும் உண்டு. சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றிக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி (சுவா சூ காங்): இரண்டு பேர் சேர்ந்து ஆயில் மாற்றி ஏர் எடுப்பது எப்படி? எவ்வளவு ஆயில் வாங்க வேண்டும்?

பதில்: முழுதாக மாற்ற ஒரு லிட்டர், சீல் உடைக்காத டப்பா. போன வருஷம் திறந்து வைத்த பாதி டப்பா வேண்டாம், அது ஈரத்தைக் குடித்திருக்கும். 5 அல்லது 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள, உள்ளே ஓடுவது தெரியும் குழாய், ஒரு பாட்டில், நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர், ஐரோப்பியக் கார்களில் 11-உம் வரும்.

முதலில் வண்டியின் டப்பாவிலிருக்கும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். வரிசை வண்டிக்கு வண்டி மாறும், கையேடு சொல்வதே சட்டம். கையேடு இல்லையென்றால் பழைய வழக்கம், மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலிருந்து அருகே வருவது. நம் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

உள்ளே இருப்பவர் மெல்ல மிதித்துப் பிடித்துக்கொண்டு “பிடிச்சாச்சு” என்று சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் திருப்பு திறப்பார். பெடல் இறங்கும், முன்சொன்ன மரக்கட்டையில் நிற்கும், நிப்பிளை மூடுவார், “விடு” என்ற பிறகுதான் கால் மேலே வர வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் வெளியே போன காற்று அப்படியே திரும்ப உள்ளே போகும். பாதிப் பேர் தோற்பது இந்த ஒரு நொடியில்தான். குழாயின் முனை பாட்டிலிலுள்ள திரவத்தில் மூழ்கியே இருக்கட்டும். குமிழ் நின்று, நிறம் தெளியும்வரை செய்யுங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். டப்பா வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல வண்டிகளில் ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) வைத்து அதன் பம்பை ஓட்டினால் ஒழிய அது வெளியேறாது. நிப்பிளை முறுக்கு முறுக்கென்று இறுக்காதீர்கள், உடைந்தால் காலிப்பரே போகும். 8 நியூட்டன் மீட்டர் அளவு போதும்.

இதைச் செய்ய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் ஏற்ற இடமல்ல. பழைய திரவத்தை வடிகாலில் ஊற்றாதீர்கள், நம் வடிகால்களில் பெரும்பாலானவை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. பாட்டிலில் மூடி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கேள்வி (தோ பாயோ): தீவு விரைவுச்சாலையில் 90-ல் போய்க்கொண்டிருக்கும்போது பெடல் தரைக்குப் போனால் என்ன செய்வது?

பதில்: காலை எடுத்துவிடாதீர்கள். இரண்டு பிஸ்டன்களின் குழாய்ச் சுற்றுகளில் ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கிறது, தரையருகே இன்னும் பிடி இருக்கும், முழு பலத்தோடு அழுத்துங்கள். பிடி கிடைக்கவில்லை என்றால் வேகமாகப் பலமுறை மிதித்து விடுங்கள், கொஞ்சம் ஏறும். அதோடு கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், அபாய விளக்கைப் போடுங்கள். கைக் கம்பியாக இருக்கும் கைப்பிரேக் என்றால் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சட்டென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். மின் கைப்பிரேக் என்றால் சுவிட்சை இழுத்துப் பிடித்தபடியே இருங்கள், பெரும்பாலான கார்களில் அதுவே அளவாகப் பிடித்து நிறுத்தும். இன்ஜினை மட்டும் நிறுத்தாதீர்கள், ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். இடது ஓரத்துக்கு வந்து நின்றதும் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொள்ளுங்கள். விரைவுச்சாலையில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம், பழுதான காரை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துக்கொண்டு போகும். அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்கு உங்கள் செலவில் இழுவை வண்டி. “மெல்ல ஓட்டிப் போய்விடுகிறேன்” என்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், ஹைபிரிட் வண்டி. மேலே சொன்ன ஒரு நிமிடச் சோதனை இதற்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. பல ஹைபிரிட் கார்களில் காலுக்குக் கிடைக்கும் எதிர்ப்பு நேரே சக்கரத்திலிருந்து வருவதில்லை, அதற்கென்று தனியாக ஒரு அமைப்பு வைத்து உண்டாக்குகிறார்கள். சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை மின்பம்பு தருகிறது. கதவைத் திறந்ததும் முன்பக்கம் ‘விர்ர்’ என்று சில விநாடி கேட்பது அந்தப் பம்புதான். அது அடிக்கடி, வண்டி சும்மா நிற்கும்போதும் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே அழுத்தம் கசிகிறது என்று பொருள். எச்சரிக்கை விளக்கு வரும்வரை காத்திருக்காமல், அந்த மாடலுக்குரிய ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டுங்கள். ஏர் எடுப்பதற்கும் அதே ஸ்கேனர் வேண்டும். மரக்கட்டையும் நண்பரும் இங்கே உதவமாட்டார்கள்.